வலது ஓரத்தில் நான்கு ரன்

அந்தப் புத்தகம் கிரிக்கெட்டுக்கென்று அடித்த புத்தகம் இல்லை. தோல் பதனிடுகிற ஷாப்பில் தோலை எண்ணி எழுதுகிற நீள ரிஜிஸ்டர். பச்சைத் துணி ஒட்டிய அட்டை. உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் இடது பக்கம் அகலமாக ஒரு கட்டம், வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு இன்னொரு கட்டம். நல்ல தோல் இடது கட்டத்தில் போகும். ஓட்டை விழுந்தது, கத்தி பட்டது, உண்ணி கடித்துத் தழும்பானது எல்லாம் வலது ஓரத்தில் போகும். வலது ஓரத்தில் எழுதியதை உடனே கூட்டக் கூடாது. மேஸ்திரி வந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, சேரும், சேராது என்று சொன்ன பிறகுதான் அது கணக்கில் ஏறும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு ஆம்பூரில் தோல் எண்ண வந்த எனக்கு, எழுத்தும் கணக்கும் இந்த இரண்டு கட்டங்களுக்குள்தான் பழகின. எழுபதுகளின் நடுவில், என் இருபதாவது வயதில், அந்த ரிஜிஸ்டர்களில் எழுதாத ஒன்றை எடுத்துக்கொண்டு நான் கடல் தாண்டிப் போனேன். எங்கள் பக்கத்து வாலிபர் கிரிக்கெட் அணிக்கு ஸ்கோர் எழுதுவதற்காக.

எங்கள் அணி வெளிநாட்டில் ஆடியது அந்த ஒரு முறைதான். மூன்றே ஆட்டங்கள். ஒன்றில் தோற்றோம், ஒன்று மழையில் நின்றுபோனது, ஒன்றில் ஜெயித்தோம். எங்கள் கிளப் அறையின் சுவரில் இன்றைக்கும் ஒரு பலகை தொங்குகிறது. ‘வெளிநாட்டுப் போட்டிகள்: ஆட்டம் 3, வெற்றி 1’ என்று அதில் எழுதியிருக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை புது வண்ணம் அடிப்பார்கள். நான் எழுத உட்கார்ந்தது அந்த ஒன்றைப் பற்றி. சரியாகச் சொன்னால், அந்த ஒன்றைக் கொண்டுவந்த எங்கள் கேப்டனைப் பற்றி. அவர் செய்தவற்றை வரிசையாக எழுதினால் எனக்கே விளங்குமோ என்று ஒரு எண்ணம். முப்பது வருடமாக விளங்கவில்லை.

கேப்டன் என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் அவரை பாய் என்று கூப்பிடுவேன். அவர் என்னைக் ‘கணக்கு’ என்று கூப்பிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அதே ஷாப்பில் அவருக்குத் தரம் பிரிக்கிற வேலை. நெடிய ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் காய்ந்த பாலாற்றுப் படுகையில் கெட்டித் தரை பார்த்து ஆடுவோம். அவர் பந்து போட ஓடிவந்தால் மணல் பொங்கும். பேச்சு ரொம்பக் கம்மி. யாராவது கேட்ச் விட்டால் திட்ட மாட்டார். தன் கையையே ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்வார், பந்தை விட்டது தன் கை என்பதுபோல.

இடுப்பில் எப்போதும் ஒரு சின்னக் கத்தி வைத்திருப்பார். தரம் பிரிக்கிறவர்கள் எல்லோரிடமும் அது இருக்கும். எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. இருபது தோலை எண்ணிக் கட்டு கட்டியதும், மேலே இருக்கிற தோலின் வால் ஓரத்தில், எண்ணியவர் தன் வெட்டைப் போட வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பாதிப்பேர் வேலை செய்த இடம் என்பதால் வந்த வழக்கம். ஒவ்வொருவருக்கும் ஒரு வெட்டு. என்னுடையது நேராக ஒன்று. கேப்டனுடையது சாய்வாக இரண்டு, ஒன்று நீளம், ஒன்று குட்டை. கட்டு மெட்ராஸ் போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு தோல் குறைந்தது என்றால், வெட்டைப் பார்த்து ஆளைக் கூப்பிடுவார்கள். வெட்டுப் போட்டவன் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. எண்ணியது நான், தப்பு இருந்தால் என்னைக் கேள், இதுதான் அந்த வெட்டுக்கு அர்த்தம். இரண்டு பேர் சேர்ந்து எண்ணியிருந்தால் இரண்டு வெட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

முதலாளிக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு சிநேகிதர் இருந்தார். அங்கே நான்கு அணிகளை வைத்து வாலிபர்களுக்கு ஒரு போட்டி நடத்தினார்கள். உள்ளூர் அணிகள் இரண்டு, மலேயாவிலிருந்து ஒன்று, நான்காவதாக நாங்கள். புறப்படுகிற அன்றைக்கு முதலாளி கேட்டுக்கு வெளியே வந்து நின்று பேசினார்.

“டேய், கப்பல்ல போறீங்க. ஒரு மேட்சு. ஒரே ஒரு மேட்சு ஜெயிச்சிட்டு வாங்க. அத்தினி பேரையும் பர்மனென்ட் பண்றேன். ஜெயிக்காம வந்தீங்கன்னா எம்மூஞ்சியில முழிக்காதீங்க.”

பையன்கள் சிரித்தார்கள். ஆனால் அது சிரிக்கிற பேச்சு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் பன்னிரண்டு பேரும் தினக்கூலி. காலையில் கேட்டில் போய் நிற்போம். ‘இன்னிக்கு வேலை இல்ல’ என்று சொன்னால் திரும்பி வீட்டுக்கு நடப்போம். மழைக்காலத்தில் வாரத்தில் நான்கு நாள் அப்படிப் போகும். எங்கள் விக்கெட் கீப்பருக்குப் பேரணாம்பட்டில் பெண் பார்த்திருந்தார்கள். ‘பர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் பேசலாம்’ என்று பெண் வீட்டில் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது.

ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறியதும் கீப்பர் என்னைச் சும்மா விடவில்லை. “டேய் கணக்கு, இந்தக் கப்பல்ல எத்தினி ஆணி அடிச்சிருக்குன்னு எண்ணிட்டியா? ஒண்ணு கம்மியா இருந்தாலும் முழுகிடும்டா, பார்த்துச் சொல்லு” என்றான். எல்லோரும் சிரிக்க, எனக்கு முகம் சூடாகிவிட்டது. நான்கு பேர் ஒன்றாக என்னைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு. கேப்டன் கடலைப் பார்த்தபடியே, “அவன் எண்ணுனா சரியா இருக்கும், நீ பந்தைப் புடி” என்றார். அவர் என்னைப் பற்றி மற்றவர்கள் முன்னால் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

முதல் ஆட்டத்தில் ஓர் உள்ளூர் அணியிடம் தோற்றோம். தேங்காய் நார் விரிப்பின் மேல் பந்து எழும்பிய வேகத்தில் எங்கள் ஆட்களுக்குக் கண் தெரியவில்லை. மலேயா அணியோடு ஆடியபோது பத்து ஓவரில் மழை வந்து, போகவே இல்லை. மிச்சம் இருந்தது இன்னொரு உள்ளூர் அணியோடு ஒரே ஆட்டம்.

அந்த அணிக்கு ஸ்கோர் எழுதியவர் தடித்த கண்ணாடி போட்ட ஒரு மெலிந்த வாலிபர். பனை ஓலை வேய்ந்த கொட்டகையில் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினோம். அவரிடம் அச்சடித்த ஸ்கோர் புத்தகம் இருந்தது. என் ரிஜிஸ்டரைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. மட்டையில் பட்டு வந்த ரன்களை நான் இடது கட்டத்தில் எழுதினேன். மட்டையில் படாமல் வந்தது, அகலப் பந்துக்குக் கிடைத்தது எல்லாம் என் கை தானாக வலது ஓரத்தில் எழுதியது. ஓவர் முடிந்ததும் அவர் எல்லாவற்றையும் கூட்டி, “சரியோ?” என்று ஒரு எண்ணைச் சொல்வார். நான் தலையாட்டிவிட்டு அதையே மொத்தமாக எழுதிக்கொள்வேன். முந்தைய இரண்டு ஆட்டங்களிலும் அப்படித்தான். பக்கத்தில் இருந்தவர் கூட்டிச் சொன்னார், நான் எழுதினேன். அதனால் என் வழக்கத்தில் தப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியவே இல்லை.

நாங்கள் நூற்றுப் பன்னிரண்டு ரன் எடுத்தோம். அவர்கள் ஒன்பது விக்கெட் போய் நூற்றொன்றில் நின்றார்கள். அவர்கள் ஆட்டக்காரர் ஒருவருக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். பதினோராவது ஆளாக இறங்க வேறு யாரும் இல்லை. கண்ணாடிக்காரர் பேனாவை மூடி வைத்தார்.

“நான்தான் போக வேணும். நீங்கள் எழுதுங்கோ. நான் வந்து பாத்து எழுதிக்கொள்ளுறன்” என்று சொல்லிவிட்டு மட்டையை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் இடத்தில் யாரும் வந்து உட்காரவில்லை. எல்லோரும் எல்லைக்கோட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். எண் பலகைக்காரர் என் முகத்தைத்தான் பார்த்தார். நான் சொன்னதைத்தான் மாட்டினார். கண்ணாடிக்காரர் இறங்கிய பிறகு இரண்டாவது ஓவரோ மூன்றாவது ஓவரோ, கேப்டன் போட்ட ஒரு பந்து மட்டையிலும் படாமல் கீப்பர் கையிலும் படாமல் பின்னால் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டியது. மட்டையில் படாத நான்கு ரன். நடுவர் என்னைப் பார்த்துக் கை காட்டினார். நானும் கையைத் தூக்கினேன். எழுதினேன். அதுவரை எனக்கு எல்லாம் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் கூச்சல். ஒன்று, இரண்டு என்று ஏறி, நான் பலகைக்காரரிடம் நூற்றுப் பதினொன்று என்று சொன்னேன். அவர்களுக்கு இன்னும் இரண்டு ரன் வேண்டும். கேப்டன் ஓடிவந்து போட்ட பந்தில் கண்ணாடிக்காரரின் நடு ஸ்டம்ப் பின்னால் போய் விழுந்தது.

எங்கள் ஆட்கள் கேப்டனைத் தூக்கிவிட்டார்கள். கீப்பர் அழுதுகொண்டே, “பர்மனென்ட்டுடா, பர்மனென்ட்டுடா” என்று கத்தினான். அந்த ஊர்க்காரர்களுக்கு அது என்ன வார்த்தை என்று தெரிந்திருக்காது. கண்ணாடிக்காரர் கொட்டகைக்கு வந்தார். அவருடைய ஆட்கள் யாரும் அவரோடு பேசவில்லை. மேசைக்கு முன்னால் நின்று, “எத்தினை?” என்று கேட்டார். நான் சொன்னேன். என் புத்தகத்தைப் பார்க்கவில்லை. நான் சொன்னதைத் தன் புத்தகத்தில் எழுதிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

பிறகு கேப்டன் வந்தார். வேர்வையோடு நின்றபடியே ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பிக் கடைசிப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். ஷாப்பில் கட்டைத் தடவிப் பார்ப்பது போலவே. விரல் ஓரிடத்தில் நின்றதா, நிற்கவில்லையா? எத்தனையோ முறை கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்திருக்கிறேன். சில நாள் நின்றது போலத் தெரியும், சில நாள் நிற்காதது போலத் தெரியும். புத்தகத்தை மூடினார். “இது எங்கிட்டயே இருக்கட்டும்” என்றார். ஜெயித்த புத்தகம், ஆசையாக வைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

ஆம்பூர் ரயில் நிலையத்தில் பேண்டு வாத்தியம் வைத்திருந்தார்கள். முதலாளி கேப்டன் கழுத்தில் மாலையைப் போட்டார். அவர் உடனே அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டார். என்னை அடையாளம் தெரியாத ஆட்கள் எல்லாம் வந்து கை கொடுத்தார்கள். மாலை எனக்கு எதற்கு என்று புரியவில்லை. ஒரு வாரத்தில் முதலாளி வாக்குப்படியே பர்மனென்ட் ஆர்டரை வரிசையாக நிற்க வைத்துக் கொடுத்தார். பதினோரு பேர் வாங்கினோம். கேப்டன் வாங்கவில்லை.

“இன்னாடா, ஒரு மேட்சு ஜெயிச்சதும் தலைக்கு ஏறிடுச்சா?” என்றார் முதலாளி.

“அதெல்லாம் இல்ல முதலாளி. எனக்கு வேணாம். இவங்களுக்குக் குடுத்தீங்களே, போதும்” என்றார் கேப்டன். அடுத்த மாதம் பேரணாம்பட்டில் வேறொரு ஷாப்பில் தினக்கூலியாகவே சேர்ந்துவிட்டார். திமிர் என்றார்கள். பைத்தியம் என்றார்கள். ‘வேற எடத்துல ஜாஸ்தி தர்றாங்க போல’ என்றும் சிலர் சொன்னார்கள். ஜாஸ்தி எல்லாம் யாரும் தரவில்லை.

நாங்கள் திரும்பி வந்த இரண்டாவது வாரம். கழுத்துப் பக்கம் கிழிந்த ஒரு தோலை ஒருவர் எனக்கு முன்னால் தள்ளினார். என் கை வலது ஓரத்துக்குப் போனது. போன கை அப்படியே நின்றுவிட்டது. அந்த நான்கு ரன்னை எங்கே எழுதினேன்? எழுதியது தெரியும். கூட்டினேனா? கண்ணாடிக்காரர் பக்கத்தில் இல்லை, கூட்டிச் சொல்ல யாரும் இல்லை. நானாகக் கூட்டினேனா? நூற்றுப் பதினொன்றில் அந்த நான்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? உள்ளே இருந்தால் நாங்கள் ஜெயித்தோம். வெளியே இருந்தால் அவர்கள் நூற்றுப் பதினைந்து. கண்ணாடிக்காரர் ஸ்டம்ப் விழுவதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிட்டது, ஜெயித்தது அவர்கள். அப்படியென்றால் நாங்கள் பதினோரு பேரும் வாங்கிய ஆர்டர் எதற்கு வாங்கியது? புத்தகத்தைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். புத்தகம் கேப்டனிடம் இருந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு பேரணாம்பட்டுக்கு பஸ் ஏறினேன்.

“அந்தப் புக்கு இருக்குதா பாய்?”

“இருக்குது. எதுக்கு?”

“சும்மா. பார்க்கலாம்னு.”

“ஜெயிச்சாச்சு இல்ல? இன்னா பார்க்கறது அதுல” என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, பஸ் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டார். பஸ் நகரப் போகிற நேரத்தில் ஜன்னலுக்கு அருகில் வந்து, “கீப்பருக்குக் கல்யாணம் முடிவாயிடுச்சாமே?” என்று மட்டும் கேட்டார். முடிவாகிவிட்டது என்றேன். தலையாட்டினார். அதற்கப்புறம் நான் கேட்கவே இல்லை. கேட்காததற்குக் கூச்சம் காரணமா, தெரிந்துவிடுமே என்ற பயம் காரணமா என்று எனக்கே தெரியாது.

எண்பதுகளில் இலங்கையில் கலவரம் நடந்து, அங்கிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். எங்கள் பக்கத்திலும் முகாம்கள் வந்தன. கேப்டன் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கேயோ போகிறார், ஆட வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். ஒரு ஞாயிறு காலையில் அவரே ஆம்பூருக்கு வந்து, “வர்றியா கணக்கு, வாலாஜாபேட்டை பக்கம் போய்ட்டு வரலாம்” என்றார். கிளம்பிவிட்டேன். அது ஒரு பழைய கிடங்கு. உள்ளே புடவைகளைக் குறுக்கே கட்டி அறைகளாக்கி இருந்தார்கள். கேப்டன் பிஸ்கட் பொட்டலங்களைக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு குடும்பமாகப் போய் விசாரித்தார்.

“யாழ்ப்பாணமாங்க நீங்க? அங்க கிரிக்கெட் டீமுக்கு ஸ்கோர் எழுதுவாரு ஒருத்தர். ஒல்லியா இருப்பாரு. தடிக் கண்ணாடி.”

ஒரு பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “கண்ணாடி போட்ட மெலிஞ்ச பெடியள் எங்கட ஊரிலை ஆயிரம் பேர் தம்பி. என்னத்துக்குத் தேடுறியள்?”

கேப்டன் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பெரியவரைப் பார்த்து, “ஒரு கணக்கு சொல்லணும்ங்க அவருக்கு” என்றார்.

“உயிரோடை இருந்தால் சொல்லலாம்” என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் நான் வார்த்தைகளை அடுக்கி அடுக்கி வைத்துக்கொண்டு கடைசியில், “பாய், அந்த மேட்சுல…” என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “பேஜார் பண்ணாத கணக்கு. தூங்கு” என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. அவருக்கும் வரவில்லை என்று நினைக்கிறேன். பிறகு ஒருநாள்கூட என்னைக் கூட்டிப் போகவில்லை. அவர் மட்டும் ரொம்ப வருடம் போய்க்கொண்டிருந்தார். எந்த முகாமிலும் கண்ணாடிக்காரர் கிடைக்கவில்லை.

போன வருடம் கேப்டன் தவறிவிட்டார். இரண்டு மாதம் கழித்து அவருடைய மகள், பள்ளி ஆசிரியை, என் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு நான் சித்தப்பா முறை. கையில் பழைய துணிப்பை.

“சாச்சா, அப்பா பீரோவுல இருந்தது. ‘இது கணக்கோடது, நான் போனப்புறம் குடுத்துடு’ன்னு சொல்லிட்டு இருந்தாங்க. கணக்குன்னா இன்னான்னு அம்மாவைத்தான் கேட்டேன். அது ஆளுடீன்னாங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. பச்சை அட்டை வெளுத்து, ஓரம் பிரிந்திருந்தது. அவள் முன்னாலேயே கடைசி ஆட்டத்தின் பக்கத்தைத் திருப்பினேன். இடது கட்டத்தில் என் இருபது வயதுக் கையெழுத்து. அதையும், வலது ஓரத்தில் கண்ணாடிக்காரர் ஓவர் ஓவராகச் சேர்த்தவற்றையும் கூட்டினேன். நூற்றுப் பதினொன்று. வலது ஓரத்தில், கண்ணாடிக்காரர் கூட்டிச் சேர்த்தவற்றுக்குக் கீழே, தனியாக நான்கு கோடுகள். கூட்டப்படாமல். முப்பது வருடம் மனதில் உருட்டிக்கொண்டிருந்தது அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அந்தப் பக்கத்தின் கீழ் ஓரம் நசுங்கியிருந்ததால் விரலால் நீவினேன். கத்தி வெட்டு. சாய்வாக இரண்டு. ஒன்று நீளம், ஒன்று குட்டை.

எப்போது போட்டார் என்று தெரியவில்லை. அன்றைக்கு அந்தக் கொட்டகையிலா, திரும்பி வருகிற கப்பலிலா, நான் கேட்கப் போன பிறகு பேரணாம்பட்டிலா. எண்ணியிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. தப்பு என்னுடையது. ஆனால் தோல் கணக்கில் வெட்டுப் போட்டவரைத்தான் கேட்க வேண்டும், அந்தப் பக்கத்தில் இருந்தது அவர் வெட்டு மட்டும். எங்கள் பதினோரு பேரின் வேலைக்காக வாயை மூடிக்கொண்டாரா, கப்பலில் என்னைப் பற்றிச் சொன்ன வார்த்தைக்காக மூடிக்கொண்டாரா? தனக்கு மட்டும் அந்த வேலை வேண்டாம் என்று சொன்னவர், எனக்கு ஏன் மாலையைப் போட்டார்? என்னைத் தண்டித்தாரா, காப்பாற்றினாரா? சொல்லியிருந்தால் நானும் அவரோடு முகாம் முகாமாகத் தேடியிருப்பேன். அந்த இடத்தையும் எனக்குக் கொடுக்கவில்லை. அவர் மேல் நன்றியும் கோபமும் ஒன்றாக வருகிறது. எது எவ்வளவு என்று எண்ண வரவில்லை.

நடந்ததையெல்லாம் சொன்னதும் மகள், “அப்பா ஏன் யார்கிட்டயும் சொல்லல?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். “நீங்க சொல்லிடுங்க சாச்சா. அப்பா தேடுனது அதுக்குத்தானே” என்றாள். நான் எழுதியதில் பிழை திருத்தித் தந்தது அவள்தான்.

கிளப் பலகைக்கு இந்த மாதம் வண்ணம் அடிக்கிறார்கள். ‘வெற்றி’ என்ற இடத்தில் எண் போட வேண்டாம், நான் சொல்கிற வரைக்கும் காலியாக விடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். “இன்னா அண்ணே, ஒண்ணுன்னு போடறதுக்கு இத்தினி யோசனையா?” என்று பையன்கள் கேலி செய்கிறார்கள். கீப்பருக்கு இப்போது பேரக் குழந்தைகள் இருக்கிறார்கள். அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வான்.

நேற்றுக் காலையில் என் பழைய கத்தியைத் தேடி எடுத்தேன். பச்சை ரிஜிஸ்டரைத் திறந்து, கேப்டனின் இரண்டு சாய்ந்த வெட்டுக்குப் பக்கத்தில், நேராக ஒரு வெட்டுப் போட்டேன். காகிதம் பழசு, தோல்போல் தாங்காது என்பதால் மெதுவாகப் போட்டேன்.

அந்தத் தடிக் கண்ணாடிக்காரர் எந்த நாட்டில் இருந்தாலும், யாராவது படித்துச் சொல்ல அவர் காதில் விழுந்தாலும் போதும். ஐயா, நீங்கள் ‘வந்து பாத்து எழுதிக்கொள்ளுறன்’ என்று சொன்ன கணக்கு இது. நூற்றுப் பதினைந்து. உங்கள் ஸ்டம்ப் விழுவதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிட்டது. ஜெயித்தது நீங்கள்தான்.